ஸ்டீரியோ: பாட்டுப் பெட்டியா, திண்மமா?

தேவிபட்டினம் கரையில் ஒரு ராத்திரி அக்கா மகனுக்குப் பைனாகுலரில் வியாழனைக் காட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்திலேயே ஊசிமுனைப் புள்ளிகளாக அதன் நிலவுகள், ஒரே கோட்டில் ஒட்டவைத்த மாதிரி. "எல்லாம் தட்டையாத்தான் இருக்கு" என்றான். ஸ்டீரியோ படமாகப் பார்த்தால் உருண்டையாகத் தெரியும் என்றேன். "ஸ்டீரியோன்னா பாட்டுப் பெட்டிதானே மாமா?"

நம் ஊரில் அந்தச் சொல் பெட்டியோடுதான் வந்து இறங்கியது. ஆனால் கிரேக்கத்தில் 'ஸ்டீரியோஸ்' என்றால் கெட்டியானது, திடமானது. ரத்தப் பரிசோதனைச் சீட்டில் வரும் கொலஸ்ட்ராலுக்குள்ளும் இதே சொல் ஒளிந்திருக்கிறது: 'கோலே' பித்தம், 'ஸ்டீரியோஸ்' கெட்டி. முதலில் அது பித்தக்கற்களில் அகப்பட்டதால் அந்தப் பெயர். 1838இல் இங்கிலாந்தின் சார்லஸ் வீட்ஸ்டன், இரு கண்ணுக்கும் தனித்தனிப் படம் காட்டி ஒரே கெட்டி உருவமாகத் தெரியச் செய்யும் கருவியை விளக்கினார். அதற்கு ஸ்டீரியோஸ்கோப் என்று பெயர். பாட்டு இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டது அதற்கு வெகுகாலம் பிறகுதான்.

கெட்டியாகத் தெரிவது எப்படி? தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும், நவகிரகங்களாக வணங்கும் ஒன்பது நவபாஷாணக் கற்களைப் பார்த்தபடி கரையோரமாக நடந்து பாருங்கள். கிட்டத்துக் கல் வேகமாக நகரும், எட்டத்துக் கல் மெல்ல நகரும். எது முன்னே, எது பின்னே என்று தானாகப் பிடிபடும். நம் இரு கண்களும் நடக்காமலேயே இதைச் செய்கின்றன, ஏறத்தாழ 6.5 செ.மீ. தள்ளித் தள்ளி இருப்பதால். (அந்த ஒன்பது கற்களில் ஒன்று குரு, அதாவது வியாழன். நான் திட்டமிட்டதில்லை.)

நிஜ வியாழனிடம் இந்த 6.5 செ.மீ. செல்லாது. மிக நெருங்கி வரும்போதே அது சுமார் 59 கோடி கி.மீ. தள்ளி இருக்கிறது. நாம் நடக்க முடியாத இடத்தில் அதைச் சுழல விட வேண்டியதுதான். வியாழன் 9 மணி 55 நிமிடத்தில் ஒரு சுற்றுச் சுற்றிவிடும். 10 நிமிட இடைவெளியில் இரண்டு படம் எடுத்தால் அதற்குள் 6 பாகை திரும்பியிருக்கும். வடக்கு மேலே இருக்கும்படி வைத்து, முதல் படத்தை வலக்கண்ணுக்கும் பின்னதை இடக்கண்ணுக்கும் கொடுங்கள். கோளம் பந்தாக எழுந்து நிற்கும். மாற்றிக் கொடுத்தால் கவிழ்க்காத சட்டி போல உள்ளே குழிந்துவிடும்!

நிலவுகளுக்கும் இதே வித்தை நடக்கும், ஆனால் பொய்யோடு. முன்னால் வருவது ஒரு பக்கமும், பின்னால் போவது மறுபக்கமும் நகர்வதால் ஒரு நிலவு வியாழனின் மையத்துக்கு முன்னா பின்னா என்பது கிடைத்துவிடும். ஆழம் மட்டும் கிடைக்காது. படத்தில் ஆழமாகத் தெரிவது தூரம் அல்ல, வேகம். அயோ என்ற நிலவு விநாடிக்கு 17 கி.மீ. ஓடுகிறது. கனிமீடு என்ற நிலவு சுமார் 11 கி.மீ.தான், வியாழனின் நடுக்கோட்டு மேகமே 12.6 கி.மீ. ஓடுகிறது. ஆக வியாழனுக்கு 10.7 லட்சம் கி.மீ. முன்னால் கடந்து போகும் கனிமீடு, படத்தில் மேகத்துக்குள் புதைந்தது போலத் தெரியும். வியாழனுக்குக் கிட்டத்தில் இருக்கும் அயோவோ எட்டி நம் முகத்தருகே வந்து நிற்கும்.

இனி தமிழ்ச் சொல். 'முப்பரிமாணம்' என்கிறோம். பரிமாணம் வடமொழி, அளவு என்று பொருள். நீளம், அகலம், உயரம் மூன்றும் உள்ள எதற்கும் அது பொருந்தும். கையில் இருக்கும் தேங்காய்க்கும்கூட. ஸ்டீரியோ அது அல்ல. இரண்டு தட்டைப் படங்கள் சேர்ந்து கெட்டிபோல் தோன்றுவதுதான் அது. கிரேக்கச் சொல்லுக்கு நேர் நம்மிடமே இருக்கிறது: குறளில் திண்மை, பள்ளிப் பாடத்தில் திண்மம். எனவே திண்தோற்றம் என்பேன். 'தோற்றம்' என்ற பாதி முக்கியம். கனிமீடு புதைவதும் தோற்றம்தானே. பாட்டுப் பெட்டியை ஸ்டீரியோ என்றே விட்டுவிடலாம், அதை யாரும் மாற்றப் போவதில்லை.

வீட்டுக்கு வந்து நான் சேர்த்த படத்தின் அடியில் இப்படி எழுதினேன்: 'வியாழனும் நிலவுகளும், திண்தோற்றம், 10 நிமிட இடைவெளி. முன்பின் சரி, ஆழம் சரியில்லை.'