கெடுத்தது தெருக்கடைதானா?

விடுமுறைக் காலம் முடிந்ததும் எனக்கு ஒரே மாதிரியான செய்திகள் வரத் தொடங்கிவிடும். "நீங்கள் சொன்ன ஊருக்குத்தான் போனோம், நீங்கள் சொன்ன தெருவில்தான் சாப்பிட்டோம், மறுநாள் எழுந்திருக்க முடியவில்லை." சமையல்காரன் என்பதால் எங்கே போகலாம், அங்கே எதைச் சாப்பிடலாம் என்று தெரிந்தவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். அதைப் பற்றிப் பேச எனக்கும் கசக்காது. பிடித்த ஊர்களையும் உணவுகளையும் உற்சாகமாகவே அடுக்குகிறேன். வயிறு கெட்டால் பழியும் என் தலையில்தான் விழுகிறது.

அண்மையில் வந்த புகார் பாங்காக் போய்வந்த ஒரு குடும்பத்தினுடையது. யாவராட் என்னும் சீனர் வட்டாரத்தில் இரவு ஏழு மணிக்கு உட்கார்ந்து, மிளகு தூக்கலான சூப்பில் கொதிக்கக் கொதிக்கச் சுருள் நூடுல்ஸ் சாப்பிட்டிருக்கிறார்கள். எட்டு மணிக்கு வாந்தி. தெருக்கடையைத் திட்டித் தீர்த்தார்கள். அன்று மதியம் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். தங்கியிருந்த ஹோட்டலில் விடிகாலையில் கட்டிக் கொடுத்த ஃப்ரைட் ரைஸ் பொட்டலமாம். படகுச் சுற்றுலாவில் வெயிலில் கிடந்ததை மூன்று மணிக்குப் பிரித்தார்களாம். "ஆனால் அது பெரிய ஹோட்டலாயிற்றே!" என்றார் குடும்பத் தலைவர். இந்த வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். வாந்தி வருவதற்கு முன் கடைசியாக வாயில் போட்டது எதுவோ அதுதான் குற்றவாளி என்று எல்லோரும் முடிவுகட்டிவிடுகிறார்கள். உண்மையில் அது குற்றவாளியாக இருப்பது அபூர்வம். ஆறிய சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்னும் பாக்டீரியா உண்டாக்கும் நச்சு வேலையைக் காட்ட ஒரு மணி முதல் ஆறு மணி நேரம் ஆகலாம். பெரிய அண்டாவில் சமைத்து மெதுவாக ஆறவிட்ட இறைச்சிக் குழம்பில் வளரும் பெர்ஃபிரிஞ்சன்ஸ் என்னும் பாக்டீரியா 6 முதல் 24 மணி நேரம் எடுத்துக்கொள்ளும். நோரோ வைரஸுக்குப் பொதுவாக 12 முதல் 48 மணி நேரம். அரைவேக்காட்டுக் கோழியிலிருந்து வரும் கேம்பிலோபாக்டர் இரண்டு முதல் ஐந்து நாள். ஹெபடைடிஸ் ஏ வகை மஞ்சள் காமாலைக்கோ 15 முதல் 50 நாள். அதற்குள் நீங்கள் ஊர் திரும்பிப் படங்களையெல்லாம் நண்பர்களுக்குக் காட்டி முடித்திருப்பீர்கள். அந்தப் படகுப் பொட்டலத்தைப் பரிசோதனைக் கூடத்தில் யாரும் சோதிக்கவில்லை, ஆகவே சத்தியம் செய்து சொல்ல மாட்டேன். ஆனால் பந்தயம் கட்டச் சொன்னால் நூடுல்ஸ் கடைக்காரர் பக்கம்தான் கட்டுவேன்.

இன்னொன்று: ஆறிய சோற்றை மறுபடி சூடாக்கினால் சரியாகிவிடும் என்பது பெரிய தவறு. பாக்டீரியா சாகும், அது ஏற்கெனவே கக்கிவைத்த நச்சு 121 டிகிரி செல்சியஸையும் தாங்கும். வீட்டு அடுப்பும் ஹோட்டல் அடுப்பும் அதனிடம் ஒன்றுதான்.

இனி ஹோட்டலுக்கு வருகிறேன். என் தொழில் வாழ்க்கையில் பெரும்பகுதி ஹோட்டல் சமையலறைகளில்தான் கழிந்தது. பஃபே மேசைக்குப் பின்னால் நின்றவன் என்ற உரிமையில் சொல்கிறேன். வெள்ளைத் துணி விரித்த மேசை, பனிக்கட்டியில் செதுக்கிய அன்னம், தொப்பி அணிந்த ஊழியர் எல்லாம் கண்ணுக்கு விருந்து. கிருமிக்கு அவற்றால் ஒரு தடையும் இல்லை. எங்கள் தொழிலில் 5 முதல் 60 டிகிரி வரையிலான வெப்பநிலையை ஆபத்து மண்டலம் என்கிறோம். அந்த மண்டலத்தில் மொத்தம் நான்கு மணி நேரத்துக்கு மேல் கிடந்த உணவு குப்பைக்குப் போக வேண்டும். அடியில் சிறு சுடர் எரியும் மூடிபோட்ட எவர்சில்வர் பாத்திரத்தைப் பார்த்திருப்பீர்கள், சேஃபிங் டிஷ் என்போம். சூடாக வந்ததைச் சூடாக வைத்திருக்கத்தான் அது. வெதுவெதுப்பாக வந்த உணவை அது கொதிக்கவைக்காது. மூடியைத் திறந்தே வைத்திருந்தால் இருக்கிற சூடும் போய்விடும். தீர்ந்துபோகும் தட்டில் பழையதை எடுக்காமல் புதியதை மேலே கொட்டுவது என் துறையின் வெட்கக்கேடுகளில் ஒன்று. நல்ல சமையலறைகள் தட்டையே மாற்றுகின்றன. எல்லா இடத்திலும் அப்படி நடக்கிறது என்று என்னால் சொல்ல முடியாது.

கரண்டிப் பிடியையும் மறக்காதீர்கள். உங்களுக்கு முன்னால் நூறு பேர் அதைத் தொட்டிருக்கிறார்கள். வாசலில் வைத்திருக்கும் ஆல்கஹால் திரவத்தைத் தடவிக்கொண்டால் போதும் என்று நினைக்கிறீர்கள் அல்லவா? நோரோ வைரஸிடம் அதன் பாச்சா அவ்வளவாகப் பலிக்காது. உல்லாசக் கப்பல்களில் அந்த வைரஸ் திரும்பத் திரும்பப் பரவுவது சும்மா இல்லை. தட்டை நிரப்பியபின், சாப்பிட உட்காரும் முன், சோப்பும் தண்ணீரும் கொண்டு கையைக் கழுவுங்கள்.

பஃபேயில் சாப்பிடவே கூடாது என்று சொல்லவில்லை. திறந்த உடன் போங்கள். மூடும் நேரத்துக்கு அரை மணி முன்பு ஓடாதீர்கள். கண்ணெதிரே முட்டை போட்டுத் தருபவர் இருந்தால் அவரிடம் போங்கள். காலையிலேயே கிண்டிவைத்துத் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கும் முட்டைப்பொரியலை விட்டுவிடுங்கள். வெட்டிவைத்த பழம், மயோனைஸ் சாலட், ஆறிய சோறு மூன்றையும் பார்த்துப் புன்னகைத்துவிட்டு நகருங்கள்.

இப்போது நான் நேசிக்கும் தெருக்களுக்கு வருவோம். யாவராட்டுக்கு அதிகத் தொலைவில் இல்லாத மஹா சாய் சாலையில் ஜே ஃபாய் என்ற மூதாட்டி, பனிச்சறுக்கு வீரர் அணியும் பெரிய கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கரி அடுப்பின் முன் நின்று நண்டு ஆம்லெட் சுருட்டுகிறார். 2017 இறுதியில் பாங்காக்குக்கு முதன்முதலாக, சிறந்த உணவகங்களுக்கு நட்சத்திரம் தரும் மிஷலின் வழிகாட்டி வந்தபோதே அவர் கடைக்கு ஒரு நட்சத்திரம் கிடைத்தது. கொதிக்கும் எண்ணெயில் பொரிந்து, நேராக உங்கள் தட்டுக்கு வரும் உணவு அது. இடையில் கிருமி வளர நேரமே கிடையாது.

பினாங்கின் ஜார்ஜ் டவுனில் சார் குவே தியாவ் என்னும் அரிசி நூடுல்ஸ் வறுவல் போடுகிறவர் ஒரு தட்டுக்கு ஒரு முறை வாணலியைச் சூடாக்குவார். வரிசையில் நிற்கக் கால் கடுக்கும், ஆனால் அந்தக் கரிவாசனைக்காக நான் மறுபடியும் நிற்பேன். அங்கே ஒரே ஒரு எச்சரிக்கை: கடைசி நொடியில் தூவும் கெராங் என்னும் சிப்பி. உள்ளே சிவப்பாக இருக்கும்படி விடுவதுதான் அங்கே ருசி. நன்றாக வேகவைக்கச் சொல்லுங்கள், அல்லது வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 1988-இல் ஷாங்காய் நகரில் ஏறக்குறைய மூன்று லட்சம் பேருக்கு ஹெபடைடிஸ் ஏ பரவியதற்கு இதே குடும்பத்தைச் சேர்ந்த, சரியாக வேகாத சிப்பிகள்தான் காரணம்.

நேப்பிள்ஸில் பீட்சா சுடும் கலை 2017-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ஏறக்குறைய 485 டிகிரி சூட்டில், ஒன்றரை நிமிடத்துக்குள் வெந்து வெளியே வருகிறது. அங்கே வயிற்றைப் பற்றிக் கவலைப்பட்டதே இல்லை. சிங்கப்பூரில் தெருக்கடைகளை ஒரே கூரையின் கீழ் கூட்டிவைத்த ஹாக்கர் மையங்கள் 2020-இல் அதே பட்டியலுக்கு வந்தன. அங்கே ஒரு கடைக்காரர் ஒன்றோ இரண்டோ உணவுகளை மட்டும் வாழ்நாள் முழுக்கச் சமைக்கிறார். நூற்றுச்சொச்சம் உணவுகள் அச்சிட்ட மெனு அட்டையைப் பார்த்தால் நான் தயங்குவேன். அவ்வளவுக்கும் பொருள்கள் எத்தனை நாளாகக் குளிர்பெட்டியில் காத்திருக்கின்றன என்றுதான் என் புத்தி கணக்குப் போடும்.

இதைப் படித்துவிட்டுத் தெருவில் விற்பதெல்லாம் அமுதம் என்று கிளம்பிவிடாதீர்கள். ஹனோயில் புன் சா என்ற உணவு எனக்கு உயிர். சமையல்காரர் அந்தோணி போர்டெய்ன் 2016-இல் அமெரிக்க அதிபர் ஒபாமாவைப் பிளாஸ்டிக் முக்காலியில் உட்காரவைத்துச் சாப்பிடச் செய்தது அதைத்தான். கரியில் வாட்டிய பன்றி இறைச்சியில் பயமில்லை. கூடவே வரும் பச்சை இலைக் கூடையில்தான் விஷயம். எந்தத் தண்ணீரில் கழுவினார்கள் என்பது தெரியாவிட்டால் இலைகளைத் தொடாமல் விடுவேன், மனது வலித்தாலும். இஸ்தான்புல்லில் மிதியே டோல்மா என்று சோறு அடைத்த சிப்பியை எலுமிச்சை பிழிந்து விற்கிறார்கள். ருசி அபாரம். ஆனால் சோறு, சிப்பி, வெயில், தள்ளுவண்டி நான்கும் ஒரே இடத்தில் கூடினால் என் தொழிற்புத்தி விழித்துக்கொள்ளும். குளிர்பெட்டி வைத்திருக்கும், கூட்டம் நிற்காமல் வரும் கடையில் மட்டும் சாப்பிடுவேன்.

எலுமிச்சை என்றதும் அடுத்த எரிச்சல். "எலுமிச்சையில் மீன் வெந்துவிடும், மிளகாய் கிருமியைக் கொல்லும், கூட ஒரு குவளை மது போதும்." மூன்றும் பொய். பச்சை மீனை எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்துத் தரும், பெரு நாட்டு லிமாவின் செவிச்சே உலகின் அருமையான உணவுகளில் ஒன்று. பாரம்பரியமான கடைகள் மதியத்தோடு மூடிவிடுவதும் காலையில் வந்த மீனை அன்றே முடிப்பதற்காகத்தான். ஆனால் புளிப்பு மீனின் நிறத்தையும் பதத்தையும் மாற்றுகிறதே தவிர, கடல்மீனில் இருக்கும் அனிசாகிஸ் புழுவைக் கொல்வதில்லை. அதற்கு முழுக்க வேகவைக்க வேண்டும், அல்லது மைனஸ் 20 டிகிரியில் ஏழு நாள் உறையவைக்க வேண்டும். பச்சை மீன் பரிமாறும் கடையில் "உறையவைத்த மீனா?" என்று கேட்பதில் அவமானம் ஒன்றும் இல்லை. நல்ல சமையல்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஆற்று மீன் என்றால் கேள்வியே வேண்டாம், பச்சையாகச் சாப்பிடாதீர்கள். தாய்லாந்தின் வடகிழக்கில் கோய் பிளா என்று பச்சை ஆற்று மீனைக் கொத்தி எலுமிச்சையும் மிளகாயும் சேர்த்து உண்கிறார்கள். அதன் வழியாகக் கல்லீரல் தட்டைப்புழு உடலுக்குள் போகிறது. அதைப் புற்றுநோய்க் காரணி என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1994-லேயே வகைப்படுத்திவிட்டது; பித்தநாளப் புற்றுநோய் உலகிலேயே மிக அதிகமாகக் காணப்படும் பகுதிகளில் அந்த வடகிழக்கும் ஒன்று. விருந்தோம்பலாக நீட்டுவார்கள். கைகூப்பி மறுத்துவிட்டு அதே தட்டை வேகவைத்துக் கேளுங்கள், கிடைக்கும்.

மற்றவை சுருக்கமாக. உள்ளூர்க்காரர்கள், அதுவும் குழந்தைகளோடு, சாப்பிடும் நேரத்தில் போங்கள். மதியம் சமைத்ததை மாலை நான்கு மணிக்குத் தேடிப் போகாதீர்கள். பணம் வாங்கும் கையே உணவைத் தொடுகிறதா என்று கவனியுங்கள். நடுவில் துளையுள்ள உருளைப் பனிக்கட்டி பெரும்பாலும் தொழிற்சாலையிலிருந்து வருவது, பரவாயில்லை. பாளத்திலிருந்து உடைத்த துண்டுகள் வேண்டாம். நிலக்கடலையோ எள்ளோ இறாலோ ஒத்துக்கொள்ளாதவர் அதை அந்த ஊர் மொழியில் அட்டையில் எழுதிச் சமையல்காரர் கையிலேயே கொடுங்கள். பரிமாறுகிறவர் தலையாட்டியதை நம்பி உட்காராதீர்கள். எங்களிடம் வந்து சேரும்போது பாதிச் செய்தி வழியில் உதிர்ந்திருக்கும்.

இத்தனைக்குப் பிறகும் வயிறு போகலாம், எனக்கும் போகும். இழந்த நீரையும் உப்பையும் ஈடுகட்டும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் பையில் இருக்கட்டும். கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் மட்டமாக ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. அளவை உங்கள் கைமணத்துக்குக் கூட்டிக் குறைக்காதீர்கள், இது சமையல் அல்ல. மலத்தில் இரத்தம், கடும் காய்ச்சல், சிறுநீர் போகாத குழந்தை என்றால் என்னைப் போன்ற சமையல்காரனுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் போங்கள். ஹெபடைடிஸ் ஏ, டைபாய்டு இரண்டுக்கும் தடுப்பூசி உண்டு. டிக்கெட் எடுத்த வாரமே கேட்டுவையுங்கள். திரும்பிவந்து சில வாரங்கள் கழித்துக் காய்ச்சலோ கண் மஞ்சளோ தெரிந்தால், எந்த ஊர்களுக்குப் போனீர்கள், பச்சையாக என்னென்ன சாப்பிட்டீர்கள் என்பதை மருத்துவர் கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே சொல்லுங்கள்.