மூடிக்குள் அடைபட்ட காற்றும் மருந்துதான்

கேரட்டின் கரு விதைக்குள்தான் உருவாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கிழங்கிலிருந்து வெட்டியெடுத்த திசுவைக் குடுவையில் வளர்த்தால் அதிலிருந்தே கருக்கள் கிளம்பும் என்று 1958-இல் தாவரவியலாளர்களான அமெரிக்காவின் ஸ்டூவர்டும் ஜெர்மனியின் ரெய்னர்ட்டும் தனித்தனியே காட்டினார்கள். மகரந்தம் கிடையாது, கருவுறுதல் கிடையாது. சாதாரண உடல் செல் உருண்டையாகி, இதய வடிவம் எடுத்து, நீண்டு, செடியாகிறது. விதைக்குள் நடப்பதும் இதே வரிசைதான்.

ஸ்டூவர்டின் ஊடகத்தில், அதாவது திசுவை வளர்க்கும் ஊட்டக் கலவையில், தேங்காய்த் தண்ணீரும் இருந்தது. தென்னையின் கரு உண்பதற்காக மரம் சேர்த்து வைக்கிற திரவ முளைசூழ்தசை அது. செல் பிரிதலைத் தூண்டும் சைட்டோகைனின் ஹார்மோன்கள் அதில் இயல்பாகவே உண்டு.

இப்போது கேரட்டுக்கு வழக்கமாகச் சேர்ப்பது 2,4-டி என்ற செயற்கை ஆக்சின் (ஆக்சின் என்பது செடியின் வளர்ச்சி ஹார்மோன்). ஆமாம், வயலில் களைக்கொல்லியாகத் தெளிக்கிறோமே, அதேதான். இங்கே லிட்டருக்கு ஒரு மில்லிகிராமோ அதற்கும் குறைவோ போதும். செல்கள் தங்கள் பழைய வேலையை மறந்து, பிரிந்து, சிறு சிறு கொத்துகளாகின்றன. ஆனால் 2,4-டி இருக்கும் வரை கொத்து கொத்தாகவேதான் இருக்கும். அது இல்லாத ஊடகத்துக்கு மாற்றினால்தான் கரு முழு வடிவம் பெறும். தொடங்கி வைத்ததே பிறகு தடையாகிவிடுகிறது.

காரணம் கருவின் உள்ளே இருக்கிறது. உருண்டையான கரு இதய வடிவமாக வேண்டுமானால் இரண்டு இடங்களில் மட்டும் மேடு எழும்ப வேண்டும், அவைதான் விதையிலைகள். அதற்கு ஆக்சின் ஓரிடத்தில் கூடியும் இன்னோரிடத்தில் குறைந்தும் இருக்க வேண்டும். செல் சவ்வில் ஒரு பக்கமாக அமர்ந்திருக்கும் புரதங்கள் ஆக்சினைக் குறிப்பிட்ட திசையில் தள்ளி இந்த ஏற்றத்தாழ்வை உண்டாக்குகின்றன. வெளியிலிருந்து 2,4-டி நிறைந்துவிட்டால், வெள்ளம் சூழ்ந்த ஊரில் மேடு பள்ளம் தெரியாதது போலத்தான். கடுகின் இளம் கருவில் ஆக்சின் கடத்தலை மருந்தால் தடுத்துப் பார்த்திருக்கிறார்கள். இரண்டு விதையிலைகள் வரவில்லை. சட்டைக் காலர் மாதிரி கருவைச் சுற்றி ஒரே வளையமாக வளர்ந்தது.

சரி, தலைப்பில் சொன்ன அடைபட்ட காற்று எங்கே வருகிறது? ஆக்சின் அதிகமானால் செடி எத்திலீன் என்ற வாயு ஹார்மோனையும் அதிகம் தயாரிக்கும். மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்திலிருந்து ஏ.சி.சி. என்ற பொருள் உருவாகி, அதிலிருந்து எத்திலீன் வருகிறது. ஏ.சி.சி.யை உருவாக்கும் நொதியை ஆக்சின் தூண்டிவிடுகிறது. வயலில் இந்த வாயு காற்றோடு போய்விடும். குடுவையிலோ கிருமி புகாமலிருக்க இறுக்கமாக மூடியிருக்கிறோம். வெளியேற வழியில்லாமல் அது உள்ளேயே சேர்கிறது. நாம் ஊற்றியது ஒரு ஹார்மோன், குடுவைக்குள் இருப்பது இரண்டு.

கேரட்டில் எத்திலீன் கருவாக்கத்துக்கு எதிரி. கோபால்ட் உப்பைச் சேர்த்து ஏ.சி.சி. எத்திலீனாக மாறும் கடைசிப் படியைத் தடுத்தபோது கருக்களின் எண்ணிக்கை கூடியது. இன்னொரு வழி வெள்ளி நைட்ரேட். அது வாயு உருவாவதைத் தடுப்பதில்லை. செல்லில் எத்திலீனை உணரும் ஏற்பியைச் செயலிழக்க வைக்கிறது, அவ்வளவுதான். இதில் ஒரு தொல்லை உண்டு: ஊடகத்தில் உள்ள குளோரைடோடு சேர்ந்து வெள்ளி வீழ்படிவாகிவிடும். அதனால் பலர் வெள்ளி தயோசல்பேட்டாகக் கொடுக்கிறார்கள்.

உடனே எல்லாப் பயிருக்கும் வெள்ளி நைட்ரேட்டைக் கலக்கக் கிளம்பிவிட வேண்டாம். குதிரைமசாலின் உறவான மெடிக்காகோ ட்ரங்கட்டுலாவில் எத்திலீன் உற்பத்தியைத் தடுத்தால் கருக்கள் குறைகின்றன. அந்தச் செடிக்கு இந்த வாயு தேவை. என் பார்வையில், ஒரு பயிரில் வெற்றி பெற்ற செய்முறை அடுத்த பயிரில் கைவிடுவதற்கு அடிக்கடி கவனிக்கப்படாத காரணம் இதுவே.

ஆக்சிஜன் கதை இன்னும் சுவையானது. காற்றோட்டம் கூடக்கூட நல்லது என்றுதான் தோன்றும். ஆனால் கேரட் திசுவைத் திரவ ஊடகத்தில் வளர்த்தபோது, கரைந்த ஆக்சிஜன் ஓரளவு குறைந்திருந்தால் கருக்கள் உருவாயின. தாராளமாக இருந்தால் வேர்கள் கிளம்பின. சூலுக்குள்ளும் வளரும் விதைக்குள்ளும் ஆக்சிஜன் குறைவுதான், ஆகவே கருவுக்கு அது பழகிய சூழல். அங்கே கரு முதிர உதவும் ஹார்மோனான அப்சிசிக் அமிலமும் அதிகம். ஊசியிலை மரங்களின் கருக்களை முதிர வைக்க ஊடகத்தில் அப்சிசிக் அமிலம் சேர்ப்பது வழக்கமாகிவிட்டது. இல்லாவிட்டால் அவை முழுமையாக முதிராமல் போகும்.

இவற்றைத் தனித்தனியாகப் பிரித்துச் சோதிப்பதும் எளிதல்ல. ஏ.சி.சி. எத்திலீனாக மாற ஆக்சிஜன் தேவை. எனவே ஆக்சிஜனைக் குறைத்தால் எத்திலீனும் குறையலாம். திசு சுவாசித்து வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடு மிகுந்தால் அது எத்திலீனின் செயலுக்கு முட்டுக்கட்டை போடும். அப்புறம் விளைவுக்குக் காரணம் எந்த வாயு என்று எப்படிச் சொல்வது?

நடைமுறையில் பஞ்சு அடைப்பானா, திருகு மூடியா, நுண்துளைச் சவ்வு ஒட்டிய மூடியா என்பதை ஹார்மோன் அளவுக்குப் பக்கத்திலேயே எழுதி வைப்பது நல்லது. சவ்வு மூடி வாயுக்களை விடும். ஆனால் ஈரமும் சேர்ந்து போகும், ஊடகம் சீக்கிரம் காய்ந்து கெட்டியாகும். இறுக்கி மூடினால் ஈரம் நிற்கும். சில சமயம் தளிர்கள் கண்ணாடி போல நீர் கோர்த்து வீங்கி, மண்ணுக்கு மாற்றியதும் வாடிவிடும்.