வார இறுதிக் கேஷ்பேக்: அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது?

சனிக்கிழமை பின்னேரம் மட்டக்களப்பு நகரத்தில் ஒரு சூப்பர் மார்க்கெட்டுக்குள் போனால், காசு கட்டும் இடத்தில் ஒரே கேள்விதான் திரும்பத் திரும்பக் காதில் விழும்: "எந்த பேங்க் கார்ட்?" ஒரு வங்கிக்குச் சனிக்கிழமை, இன்னொன்றுக்கு ஞாயிறு. ஒன்றில் மரக்கறிக்கும் பழத்துக்கும் மட்டும், மற்றொன்றில் முழு பில்லுக்கும். பத்து வீதம் கழிவு என்றால் பத்தாயிரம் ரூபாய் பில்லில் ஆயிரம் ரூபாய் கைக்குத் திரும்பி வருகிறது. பால்மாவும் பருப்பும் இன்று விற்கிற விலையில் ஆயிரம் ரூபாய் எந்த வீட்டுக்கும் பெரிய காசுதான். அதைக் கடையும் சும்மா தருவதில்லை, வங்கியும் சும்மா தருவதில்லை. அப்படியானால் அது யாருடைய பணம்? இதற்குப் பதில் வேண்டுமென்றால் அட்டை இயந்திரத்துக்குள் என்ன நடக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

முதலில், காசாளர் கேட்கும் "எந்த பேங்க் கார்ட்?" என்ற கேள்வியையே எடுத்துக்கொள்வோம். அட்டையில் இருக்கும் நீண்ட எண்ணின் முதல் இலக்கம் 4 என்றால் அது விசா. 5 அல்லது 2 என்றால் பெரும்பாலும் மாஸ்டர்கார்ட். முதல் ஆறு முதல் எட்டு இலக்கங்களைப் பார்த்தால் அட்டையை வழங்கிய வங்கி எது, அது கடன் அட்டையா டெபிட் அட்டையா என்பது தெரிந்துவிடும். கடைசி இலக்கம் ஒரு காவல் இலக்கம். ஐபிஎம் நிறுவனத்தில் வேலை செய்த ஹான்ஸ் பீட்டர் லூன் 1954இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த ஒரு எளிய கூட்டல் முறையில் அது கணக்கிடப்படுகிறது; எண்ணில் ஒரு இலக்கத்தைப் பிழையாக அடித்தால் உடனே பிடிபட்டுவிடும். கல்லாவிலேயே கழிவு கொடுக்கும் சலுகைகளில், கடையின் பில் மென்பொருள் அந்த முதல் இலக்கங்களை வைத்துத்தான் விலையைக் குறைக்கிறது. பில் மூடப்பட்ட பிறகு அதைச் செய்வது சிக்கல் என்பதால்தான் காசாளர் முதலிலேயே கேட்டுவிடுகிறார்.

கேஷ்பேக் இதிலிருந்து வேறுபட்டது. அங்கே கடை முழுப் பணத்தையும் எடுத்துக்கொள்ளும். பல நாட்கள் கழித்து, அடுத்த மாதக் கணக்கறிக்கையில் வங்கி ஒரு தொகையைத் திருப்பி வைக்கும். அதாவது நீங்கள் என்ன வாங்கினீர்கள் என்று வங்கிக்குத் தெரியாமலேயே சலுகை தீர்மானிக்கப்படுகிறது. எப்படி?

அட்டையை இயந்திரத்தில் செருகியதும் அதன் சிப், தனக்குள் இருக்கும் இரகசியச் சாவியைக் கொண்டு அந்த ஒரு கொடுக்கல் வாங்கலுக்கு மட்டுமே செல்லுபடியாகும் ஒரு குறியீட்டை உருவாக்குகிறது. தொகை, திகதி, கடையின் அடையாள எண் ஆகியவற்றோடு அந்தக் குறியீடு கடைக்கு இயந்திரம் கொடுத்த வங்கிக்குப் போகிறது. அங்கிருந்து விசா அல்லது மாஸ்டர்கார்ட் வலையமைப்புக்கு, அதன் வழியாக உங்கள் வங்கிக்கு. உங்கள் வங்கி குறியீட்டைச் சரிபார்த்து, கடன் எல்லையில் இடம் இருக்கிறதா என்று பார்த்து, இரண்டே இலக்கத்தில் பதில் அனுப்பும். 00 என்றால் சரி. 51 என்றால் போதிய பணம் இல்லை. கல்லாவின் முன் நிற்கும் நீங்கள் அடுத்த சாமானைப் பையில் போடுவதற்குள் இவ்வளவும் முடிந்துவிடுகிறது.

இந்தச் செய்தியோடு நான்கு இலக்க எண் ஒன்றும் போகிறது. கேஷ்பேக்கின் உயிர்நாடி அதுதான். உலகம் முழுவதும் கடைகள் வகை பிரிக்கப்பட்டு ஒவ்வொரு வகைக்கும் ஒரு குறியெண் கொடுக்கப்பட்டிருக்கிறது. மளிகைக் கடைக்கும் சூப்பர் மார்க்கெட்டுக்கும் 5411, மருந்துக் கடைக்கு 5912, உணவகத்துக்கு 5812, எரிபொருள் நிரப்பு நிலையத்துக்கு 5541. நீங்கள் வாங்கியது அரிசியா செருப்பா என்று வங்கிக்குத் தெரியாது. 5411இல் வாங்கினீர்கள் என்பது தெரியும். சூப்பர் மார்க்கெட்டில் பிளாஸ்டிக் வாளி வாங்கினால் அதுவும் மளிகை. பலசரக்கும் விற்கிற ஒரு கடை வேறு வகையில் பதிவாகியிருந்தால் அங்கே வாங்கிய பத்து கிலோ அரிசியும் மளிகை இல்லை. "சலுகை என்று சொன்னார்கள், ஆனால் காசு வரவில்லை" என்று ஆட்கள் வங்கிக்கு அலையும்போது, பல சமயம் பின்னால் இருப்பது இந்தக் குறியெண்தான்.

அட்டை செருகிய அந்த நொடியில் பணம் எதுவும் கைமாறுவதில்லை. ஒதுக்கி மட்டும் வைக்கப்படுகிறது. கடை மூடும் நேரத்தில் இயந்திரத்தில் 'செட்டில்மென்ட்' கொடுத்த பிறகுதான் அன்றைய விற்பனை முழுவதும் கட்டாக வங்கிக்குப் போகிறது. அந்தப் பதிவுகள் உங்கள் வங்கிக்கு வந்து சேர்ந்ததும் சலுகைக் கணக்கு ஓடும். வாங்கிய நாள் சலுகை நாளா, கடை பட்டியலில் இருக்கிறதா, தொகை குறைந்தபட்ச எல்லையைத் தாண்டியதா, இந்த அட்டைக்கு இந்த மாத உச்சம் ஏற்கெனவே முடிந்துவிட்டதா என்று ஒவ்வொரு பதிவாகப் பார்க்கப்படும்.

சரி, இப்போது பணத்துக்கு வருவோம்.

ஊர்க் கடைகளில் இருக்கும் கடன் கொப்பியை நினைத்துப் பாருங்கள். முதலாளி சாமானைக் கொடுத்து, கொப்பியில் எழுதி, சம்பளம் வரும்வரை காத்திருப்பார். சிலர் தரமாட்டார்கள், அந்த நட்டம் அவருடையது. கடன் அட்டை அந்தக் கொப்பியை வங்கியின் கைக்கு மாற்றிவிடுகிறது. கடைக்காரருக்கு ஓரிரு நாளில் காசு வந்துவிடும், வசூலிக்கும் தலையிடியும் இல்லை. அதற்குக் கூலியாக ஒவ்வொரு விற்பனையிலும் ஒரு வீதம் கழிக்கப்படுகிறது. கணக்குக்காக அதை இரண்டரை வீதம் என்று வைத்துக்கொள்வோம். பத்தாயிரம் ரூபாய் பில்லில் 250 ரூபாய். இதில் பெரிய பங்கு அட்டையை வழங்கிய வங்கிக்குப் போகும். மீதியைக் கடையின் வங்கியும் வலையமைப்பும் பிரித்துக்கொள்ளும்.

வருடம் முழுவதும் கிடைக்கும் அரை வீதம், ஒரு வீதம் கேஷ்பேக் வருவது இந்தப் பங்கிலிருந்துதான். அமெரிக்காவில் சியர்ஸ் நிறுவனம் 1986இல் டிஸ்கவர் அட்டையைக் கொண்டுவந்து கேஷ்பேக்கைப் பரவலாக்கியபோதும் அடிப்படை இதுவே. ஐரோப்பிய ஒன்றியம் 2015இல் வங்கிகளுக்கு இடையிலான இந்தப் பங்கைக் கடன் அட்டைக்கு 0.3 வீதம், டெபிட் அட்டைக்கு 0.2 வீதம் என்று கட்டுப்படுத்தியது. அதன் பிறகு அங்கே பல வங்கிகள் தங்கள் கேஷ்பேக்கையும் புள்ளிகளையும் வெட்டிக் குறைத்தன.

ஆனால் வார இறுதியில் கிடைக்கும் 10, 15 வீதம் இந்தக் கணக்குக்குள் அடங்காது. 250 ரூபாய் கட்டணத்திலிருந்து ஆயிரம் ரூபாயைத் திருப்பிக் கொடுக்க யாராலும் முடியாது. மீதியை வங்கியின் விளம்பரச் செலவும், பல ஒப்பந்தங்களில் கடையும் சேர்ந்து ஏற்கின்றன. கடைக்கு வேண்டியது கூட்டமும் பெரிய கூடையும். வங்கிக்கு வேண்டியது, உங்கள் பர்ஸில் இருக்கும் இரண்டு மூன்று அட்டைகளில் அதன் அட்டை முதலில் வெளியே வருவது. சனிக்கிழமைச் சாமானுக்கு எடுத்துப் பழகிய அட்டையைத்தான் செவ்வாய்க்கிழமை பெற்றோலுக்கும் கை தேடும். அன்றைக்குச் சலுகை இல்லை, கட்டணத்தில் வங்கிக்குரிய பங்கு மட்டும் முழுதாக வரும். பிறகு வட்டி. முழுத் தொகையையும் கட்டாதவர்களிடமிருந்து வரும் வட்டிதான் இந்த வியாபாரத்தின் கனமான வருமானம்.

உச்ச வரம்பும் கவனிக்க வேண்டியது. பத்து வீதம், அதிகபட்சம் ஆயிரம் ரூபாய் என்றால், பத்தாயிரம் வரையான பில்லுக்குத்தான் அது பத்து வீதம். இருபதாயிரத்துக்கு அது ஐந்து வீதம், இருபத்தையாயிரத்துக்கு நான்கு. விளம்பரப் பலகையில் பத்து பெரிதாகவும் உச்சம் சிறிதாகவும் இருக்கும். வங்கிகள் இரண்டையும் ஒரே அளவில் அச்சிட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

குறைந்தபட்ச எல்லை வேறு விதமாக வேலை செய்கிறது. 5,000 ரூபாயோ அதற்கு மேலோ வாங்கினால் பத்து வீதம் என்கிற நாளில் உங்கள் கூடை 4,300இல் நிற்கிறது. இன்னும் 700 ரூபாய்க்கு எதையாவது எடுத்தால் 500 திரும்பும். கையிலிருந்து கூடுதலாகப் போவது 200 ரூபாய்தான். சவர்க்காரம், செத்தல் மிளகாய், பருப்பு என்று எப்படியும் வாங்கப்போகிற, கெட்டுப்போகாத சாமானாக இருந்தால் அது நல்ல பேரம். பிள்ளைகளுக்குச் சொக்லட்டும் சோடாவும் என்றால் 200 ரூபாய் புதுச் செலவு. இலக்கு கிட்ட வரும்போது ஓட்டம் வேகமெடுக்கும் என்பதை 1930களில் உளவியலாளர் கிளார்க் ஹல் எலிகளிடம் கண்டார். உணவை நெருங்க நெருங்க அவை விரைந்தன. 2006இல் ரான் கிவெட்ஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் முத்திரை குத்தும் கோப்பிக் கடை அட்டை வைத்திருந்த வாடிக்கையாளர்களிடம் அதையே கண்டார்கள். இலவசக் கோப்பிக்கு முத்திரை குறையக் குறைய, அவர்கள் அடுத்த கோப்பி வாங்க வரும் இடைவெளியும் சுருங்கியது. 4,300இல் நிற்கும் கூடைக்கும் இது பொருந்தும்.

அட்டை மூளைக்குள் என்ன செய்கிறது என்பது இன்னும் சுவையான கதை. 2001இல் வெளியான ஓர் ஆய்வில் டிரேசன் பிரெலெக், டங்கன் சிமெஸ்டர் இருவரும் கூடைப்பந்துப் போட்டி நுழைவுச்சீட்டுகளை மாணவர்களிடம் ஏலம் விட்டார்கள். ஒரு பகுதியினர் காசாகக் கட்ட வேண்டும், மற்றவர்கள் கடன் அட்டையில். அட்டைக்காரர்கள் சராசரியாக இரண்டு மடங்குக்கும் மேல் தர முன்வந்தார்கள். காசு கொடுக்கும்போது ஒரு சிறு வலி உண்டு, அட்டை அந்த வலியை மழுக்குகிறது என்பதுதான் நீண்டகாலம் சொல்லப்பட்ட விளக்கம். 2007இல் பிரையன் நட்சன் குழுவினரின் மூளைப் படங்களும், விலை அதிகம் என்று தோன்றும்போது, வலியோடும் வெறுப்போடும் தொடர்புடைய இன்சுலா என்ற பகுதி விழித்துக்கொள்வதைக் காட்டின. ஆனால் 2021இல் பிரெலெக்கும் சேர்ந்து செய்த ஒரு ஆய்வு வேறொன்றைச் சொன்னது. அட்டையில் வாங்கும்போது மூளையின் பரிசு எதிர்பார்ப்புப் பகுதியே அதிகம் தூண்டப்பட்டது, அதுவும் விலையைப் பெரிதாகப் பொருட்படுத்தாமல். அட்டை பிரேக்கைத் தளர்த்துவதோடு நிற்கவில்லை, ஆக்ஸிலரேட்டரையும் அழுத்துகிறது. கேஷ்பேக் பலகை அந்த அழுத்தத்தின் மேல் வைக்கப்படும் இன்னொரு கால்.

வட்டியையும் ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுவோம். ஆண்டுக்கு 26 வீதம் என்று வையுங்கள். அட்டையில் ஒரு இலட்சம் ரூபாய் நிலுவை இருந்தால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 71 ரூபாய் வட்டி. சனிக்கிழமை கிடைத்த ஆயிரம் ரூபாய் கேஷ்பேக் பதினான்கு நாளில் கரைந்துவிடும். முழு நிலுவையையும் உரிய திகதிக்குள் கட்டினால்தான் வட்டியில்லாக் காலம். ஆகக் குறைந்த தொகையை மட்டும் கட்டினால் பொதுவாக வாங்கிய நாளிலிருந்தே வட்டி எண்ணப்படும்; புதிதாக வாங்குபவற்றுக்கும் அந்த வட்டியில்லாக் காலம் போய்விடும். 25ஆம் திகதி சம்பளத்தை நம்பியிருக்கும் ஆசிரியரோ எழுதுவினைஞரோ கணக்கறிக்கையில் பணம் கட்டக் குறித்திருக்கும் கடைசித் திகதி தன் சம்பள நாளுக்கு முன்னால் விழுகிறதா பின்னால் விழுகிறதா என்று பார்த்து வைத்திருப்பது நல்லது. திகதியை மாற்றித் தரும்படி வங்கியிடம் கேட்டுப் பார்க்கலாம்.

கொக்கட்டிச்சோலையிலிருந்து பஸ்ஸில் ஏறி, திரும்பும்போது மூட்டையோடு ஆட்டோ பிடித்து வருபவர் அந்தக் கூலியையும் கழித்துத்தான் சலுகையை அளக்க வேண்டும். மீனும் கீரையும் சந்தையில் காசுக்கு என்ன விலை, காத்தான்குடி மொத்தக் கடைகளில் சீனி என்ன விலை என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

ஆனால் எனக்கு மிகவும் உறுத்துவது வேறு. இலங்கையில் அட்டையில் கட்டுபவரிடம் கடைக்காரர் மேலதிகமாக அறவிடக்கூடாது. அது வங்கியோடு அவர் செய்த ஒப்பந்தத்தை மீறுவது என்று மத்திய வங்கி பலமுறை அறிவித்திருக்கிறது. வாடிக்கையாளரைப் பாதுகாக்கும் விதிதான். ஆனால் அட்டைக் கட்டணத்தைத் தனியாக வாங்க முடியாத கடை அதைப் பொது விலைக்குள் கலந்துவிடும், அந்த விலையை எல்லாரும் கொடுக்கிறார்கள். அமெரிக்க மத்திய வங்கி அமைப்பின் பொஸ்டன் வங்கியைச் சேர்ந்த பொருளியலாளர்கள் 2010இல் தங்கள் நாட்டுக்கு இதைக் கணக்கிட்டார்கள். காசு மட்டும் பாவிக்கும் குடும்பம் ஆண்டுக்குச் சராசரியாக 149 டொலரை அட்டை பாவிப்பவர்களுக்குக் கைமாற்றுகிறது, அட்டைக் குடும்பம் 1,133 டொலர் பெறுகிறது என்றது அவர்கள் மதிப்பீடு. நம் ஊரின் தொகை வேறாக இருக்கும். பணம் பாயும் திசை அதேதான். வாவியில் வலை வீசுபவரும், சம்மாந்துறை வயலில் நாட்கூலிக்குப் போகிறவரும் மாதச் சம்பளப் பத்திரம் காட்டிக் கடன் அட்டை வாங்க முடியாது. அவர்கள் அதே சூப்பர் மார்க்கெட்டில் ஒரு பால்மாப் பெட்டியைக் காசு கொடுத்து வாங்கும்போது, பின்னால் நிற்பவரின் கேஷ்பேக்கில் அவர்களுடைய சில ரூபாய்களும் இருக்கின்றன.

இதற்கு வேறு வழிகளும் உண்டு. கைபேசியால் கியூஆர் குறியை ஸ்கேன் செய்து கட்டும் லங்கா கியூஆர் முறையில் பணம் வங்கிக் கணக்கிலிருந்து கணக்குக்கு நேரே போகிறது. கடையிடம் கழிக்கப்படும் கட்டணமும் அட்டையைவிடக் குறைவு. விலைக்குள் கலக்க வேண்டிய தொகையும் அந்த அளவுக்குச் சிறுக்கும். கடைகளும் வங்கிகளும் வார இறுதிக்கு ஒதுக்கும் காசில் ஒரு பங்கையாவது அரிசி, பருப்பு, பால்மா, மா ஆகிய நான்கின் விலைச் சீட்டிலேயே குறைத்துப் போட்டால், அட்டை இல்லாதவருக்கும் அது போய்ச் சேரும். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இருக்கும் கிளைகளில் ஒரு மாதம் இதைச் செய்து பார்க்கும்படி நான் கேட்கிறேன்.