காலப்பயணி: எறும்பு எங்கே?

அக்கா மகன் போனில் ஒரு ரீல்ஸ் காட்டினான். இருட்டுப் பின்னணி, முகம் தெரியாத உருவம், இயந்திரக் குரல். 'நான் 2582-இல் இருந்து வந்த கால பயணி. இந்த ஐந்து தேதிகளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.' நான் தேதிகளைக் குறிக்கவில்லை. காதில் உறுத்தியது வேறு. கால பயணி என்று நடுவில் ஒற்றே இல்லாமல் சொல்கிறார். மரம், பெட்டி இரண்டும் சேர்ந்தால் மரப்பெட்டி. அதே மாதிரி மகரம் கெட்டு வல்லினம் மிகுந்து காலப்பயணி என்றுதான் வரவேண்டும். 'ஐந்நூறு வருஷத்தில் ஒற்றெல்லாம் ஒழிந்திருக்கும் மாமா' என்றான் பையன். சரி, அதையும் மறுப்பதற்கில்லை. ஆனால் அன்றிலிருந்து அந்தச் சொல் மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டது.

ஆங்கிலத்தில் டைம் டிராவலர் என்பதை ஊரறியச் செய்தவர் எச். ஜி. வெல்ஸ். 1895-இல் வந்த அவருடைய 'டைம் மெஷின்' கதையில் நாயகனுக்குப் பெயரே கிடையாது. ஆரம்பம் முதல் கடைசிவரை அவர் 'டைம் டிராவலர்'தான். ஆக, இந்தச் சொல் பிறந்ததே ஒரு பெயரில்லாத ஆளுக்காக. இன்றைக்கு முகத்தை மறைத்துக்கொண்டு பேசுகிறவர்கள் அந்த மரபை மட்டும் ஒழுங்காகக் காப்பாற்றுகிறார்கள். டிராவல் என்பதன் வேரைத் தோண்டினால் மூன்று கழிகளால் ஆன ஒரு வதைக்கருவியைக் குறித்த லத்தீன் சொல்லில் போய் முடிகிறது. பயணம் என்றாலே பாடு என்று இருந்த காலத்துச் சொல்.

தமிழுக்கு வருவோம். காலம் வடசொல்லா தமிழ்ச்சொல்லா என்ற வழக்கு பழையது. தொல்காப்பியத்திலேயே 'காலம் தாமே மூன்றென மொழிப' என்று இருக்கிறது, நமக்கு அது போதும். பயணம், பிரயாணம் என்ற வடசொல்லின் தேய்ந்த வடிவம். பழந்தமிழில் இதற்குச் செலவு என்று பெயர். செல்வது செலவு, அவ்வளவுதான். பொருள் தேடக் கிளம்பிய தலைவன் வாசல்வரை வந்து தயங்கி நிற்பதை 'செலவிடை அழுங்கல் செல்லாமை அன்றே' என்கிறது தொல்காப்பியம். போகாமல் விடுவதற்காக அல்ல, அவளைத் தேற்றிவிட்டுப் போவதற்காகத் தயங்குகிறானாம். அழகான சொல்தான். ஆனால் இன்றைக்கு ஒருவரைக் 'காலச்செலவர்' என்று எழுதினால், வெட்டியாய்ப் பொழுதைக் கழிப்பவர் என்றுதான் யாருக்கும் படும். ரீல்ஸ் பார்க்கிறவர்களுக்கு வேண்டுமானால் அந்தப் பெயரை வைக்கலாம்.

சிலர் நேரப்பயணி என்று எழுதுகிறார்கள். அது ஒட்டாது. நேரம் கடிகாரத்தோடு போகும் சொல்: பஸ் வரும் நேரம், சாப்பாட்டு நேரம். சோழர் காலத்தைச் சோழர் நேரம் என்று யாரும் சொல்வதில்லை. (ஒன்றரை மணி நேரமே நீடிக்கும் ராகு காலம் இதில் ஒரு விதிவிலக்கு, ராகுவிடம் யார் வாதாடுவது?) எனவே காலப்பயணிதான் சரி. அறிவியல் புனைகதைக்கும் அது போதும். நிஜமான காலப்பயணிக்கும் போதும். ஆம், அப்படியும் உண்டு: விண்வெளியில் மொத்தம் 803 நாள் சுற்றிய ரஷ்ய விண்வெளி வீரர் செர்கேய் கிரிகலேவ், வேகமாகப் போகிறவருக்குக் காலம் மெதுவாக ஓடும் என்ற ஐன்ஸ்டைன் கணக்குப்படி நம்மைவிட ஒரு நொடியில் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்கு எதிர்காலத்துக்குப் போய்விட்டார். அவர் யாருக்கும் தேதி கொடுக்கவில்லை.

தேதி கொடுப்பவர்களுக்கு மூலவர் ஒருவர் இருக்கிறார். 2000-ஆம் ஆண்டு நவம்பரில் இணையத்தில் எழுதத் தொடங்கி, 2001 மார்ச்சில் காணாமல் போனவர். ஜான் டைட்டர் என்று பெயர் சொல்லிக்கொண்டார். 2036-இல் இருந்து வந்த அமெரிக்கப் படைவீரராம். 1975-க்குப் போய் ஐ.பி.எம் 5100 என்ற கணினியை எடுத்துவர அனுப்பினார்களாம். திரும்பும் வழியில் சொந்தக் காரணத்துக்காக 2000-இல் இறங்கினாராம். அந்தக் கணினி கற்பனை இல்லை. ஏறத்தாழ 25 கிலோ எடை. தூக்கிச் செல்லலாம் என்று விற்றார்கள், தூக்கியவருக்கு இடுப்பு போயிருக்கும். தன்னைவிடப் பெரிய ஐ.பி.எம் கணினிகளுக்கு எழுதிய நிரலை இயக்கும் திறன் அதற்குள் இருந்தது. நிறுவனம் அதைப் பெரிதாகத் தம்பட்டம் அடிக்கவில்லை. டைட்டரை நம்புகிறவர்கள் இன்றும் கையில் பிடித்திருப்பது இந்த ஒன்றைத்தான்: 'வெளியே தெரியாத ரகசியம் அவருக்கு எப்படித் தெரிந்தது?' அதைச் செய்த பொறியாளர்களுக்குத் தெரியும், அவர்களோடு பழகியவர்களுக்குத் தெரிந்திருக்கலாம். அது 1975-இன் ரகசியம். அதைச் சொல்ல 2036-இல் இருந்து ஆள் வரவேண்டியதில்லை.

அந்தக் கணினி எதற்கு? 2038 சிக்கலைச் சரிசெய்ய என்றார். யுனிக்ஸ் என்ற இயங்குதள வகைக் கணினிகள் 1970 ஜனவரி 1 முதல் நொடிகளை எண்ணிக்கொண்டே வருகின்றன. அந்த எண்ணுக்கு 32 பிட் இடம் மட்டும் ஒதுக்கியிருந்தால் அது 2038 ஜனவரி 19 அன்று நிரம்பிவிடும், தேதி குழம்பிவிடும். உண்மையான சிக்கல்தான். ஆனால் அவர் எழுதவந்தது, 2000 பிறந்ததும் கணினிகளில் தேதி குழம்பிவிடும் என்ற ஒய்2கே பீதி அடங்கி ஒரு வருடம்கூட ஆகாத சமயம். அன்றைக்கு எந்தக் கணினிக்காரரைக் கேட்டாலும் அடுத்த பூதம் 2038 என்று சொல்லியிருப்பார். அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூளும், 2004-க்குப் பிறகு ஒலிம்பிக் நடக்காது, 2015-இல் ரஷ்யா அணுகுண்டு போடும் என்றெல்லாம் எழுதினார். 2006-இல் டூரின், 2008-இல் பெய்ஜிங் என்று ஒலிம்பிக் வரிசையாக நடந்தது. ஆனால் அவர் அதற்கும் முதலிலேயே அணை கட்டியிருந்தார்: நான் வந்த உலகம் வேறு, உங்கள் உலகம் சற்று விலகியது, எல்லாம் அப்படியே நடக்கவேண்டும் என்றில்லை. பலித்தால் சொன்னேனே, பலிக்காவிட்டால் உலகம் மாறிவிட்டது. கிளி ஜோசியக்காரருக்குக்கூட இவ்வளவு வசதி கிடையாது, கிளி எடுத்த சீட்டைப் படித்தாக வேண்டும்.

இதில் எனக்குச் சுவையாக இருப்பது இலக்கணம். வரப்போவதை எல்லாம் அவர் நடந்து முடிந்ததாகப் பேசினார். உள்நாட்டுப் போர் அவருக்குச் சிறுவயது நினைவு. காலப்பயணி என்று வருகிற எல்லாரும் செய்வது இந்த ஒரே வித்தைதான், எதிர்காலத்தை இறந்தகால வினைமுற்றில் சொல்வது. தமிழ் இலக்கணத்துக்கு இது புதிதல்ல, காலவழுவமைதி என்று பெயரே இருக்கிறது. வாசலில் நின்று கூப்பிடும் நண்பனுக்கு, இலையில் பாதிச் சோற்றை வைத்துக்கொண்டு 'இதோ வந்துட்டேன்' என்கிறோமே, அது. இன்னும் வரவில்லை, விரைவைக் காட்டுவதற்காக வந்ததாகச் சொல்கிறோம். எங்கெல்லாம் இப்படி மாற்றிச் சொல்லலாம் என்பதை நன்னூல் ஒரு நூற்பாவில் அடக்கிவிட்டது:

'விரைவினும் மிகவினும் தெளிவினும் இயல்பினும்
பிறழவும் பெறூஉம் முக்காலமும் ஏற்புழி.'

விரைவு தெரியும். மிகுதி, இயல்பு இரண்டும் இங்கே வேண்டாம். தெளிவு என்பதற்கு உரைகாரர்கள் காட்டும் எடுத்துக்காட்டு: எறும்பு முட்டை கொண்டு திட்டை ஏறினால் 'மழை பெய்தது' என்பது. மழை இன்னும் பெய்யவில்லை. ஆனால் எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறுவதைக் கண்ணால் பார்த்தாயிற்று. அந்த உறுதியில் பெய்தது என்கிறோம். இலக்கணம் அனுமதிப்பது அந்த எறும்புக்காக. டைட்டரும் 2582-காரரும் 'மழை பெய்தது' என்கிறார்கள். எறும்பைக் காட்டு என்றால், இயந்திரம் பழுது, மேலிடத்து உத்தரவு, காலக்கோடு குழம்பிவிடும் என்று ஏதாவது வரும்.

அந்த எறும்பைத் தேடிப் பார்த்தவர்களும் உண்டு. 2013-இல் அமெரிக்காவின் மிச்சிகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் நெமிராஃப், தெரசா வில்சன் இருவரும் இணையத்தைத் துழாவினார்கள். ஐசான் வால்நட்சத்திரம் கண்டுபிடிக்கப்பட்டது 2012 செப்டம்பரில். போப் பிரான்சிஸ் என்ற பெயர் பிறந்தது 2013 மார்ச்சில். அதற்குமுன் எந்தப் போப்பும் அந்தப் பெயரை வைத்துக்கொண்டதில்லை. இந்தப் பெயர்களை அவை பிறப்பதற்கு முன்பே யாராவது வாய்தவறி எழுதியிருக்கிறார்களா? யோசித்துப் பாருங்கள், உலகத்தையே ஏமாற்றி ஒளிந்திருக்கும் காலப்பயணிகூட ஒருநாள் இப்படி உளறிவிடலாம். ஒன்றும் அகப்படவில்லை. அதற்கு முன்பே, 2009 ஜூன் 28 அன்று இயற்பியலாளர் ஸ்டீஃபன் ஹாக்கிங் காலப்பயணிகளுக்கு விருந்து வைத்துவிட்டு, விருந்து முடிந்த பிறகு அழைப்பிதழை வெளியிட்டார். யாரும் வரவில்லை. பந்தி முடிந்து பத்திரிகை வைத்தால் நம்மூரில் சம்பந்தியே வரமாட்டார், அது வேறு விஷயம்.

முக்காலமும் அறிந்தவருக்குத் தொல்காப்பியம் அறிவன் என்று பெயர் வைத்திருக்கிறது: 'மறுவில் செய்தி மூவகைக் காலமும் நெறியின் ஆற்றிய அறிவன்'. ரீல்ஸ்காரருக்கு இதைக் கொடுக்க முடியாது. அறிவன் உட்கார்ந்த இடத்தில் அறிகிறவர், எங்கிருந்தும் வந்திறங்கியவர் அல்ல. பாகவதத்தில் வரும் ரைவத மன்னன் கதையும் அடிக்கடி இந்தப் பேச்சில் வந்துவிடும். மகள் ரேவதிக்கு மாப்பிள்ளை கேட்கப் பிரம்மலோகம் போய்ச் சற்றுக் காத்திருந்துவிட்டுத் திரும்பினால், இங்கே யுகங்கள் கடந்திருந்தன. மகளைப் பலராமனுக்குக் கட்டிக்கொடுத்தான். நல்ல கதை. நம் முன்னோர் காலப்பயணம் செய்தார்கள் என்பதற்கு அதைச் சான்றாக நீட்டுகிறவர்களிடமும் எறும்பைத்தான் கேட்கவேண்டும்.

அப்படியானால், காலப்பயணி என்று தன்னைத்தானே சொல்லிக்கொள்கிறவருக்குத் தனிச்சொல் என்ன? புதிதாக எதையும் வார்க்கவேண்டாம் என்பது என் கட்சி. 'காலப்பயணி என்கிறார்' என்று எழுதினால் அது செய்தி. 'சொல்லிக்கொள்கிறார்' என்றதும் கொள் என்ற துணைவினை புருவத்தைச் சற்றே உயர்த்துகிறது. 'காலப்பயணியாம்' என்று ஓர் ஆம் சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது. கேட்டதைச் சொல்கிறேன், பொறுப்பு எனக்கில்லை என்று அந்த ஒரே அசை சொல்லிவிடும். 'கேட்பவன் கேனையன் என்றால் கேழ்வரகில் நெய் வடிகிறது என்பானாம்' என்ற பழமொழியே அந்த ஆமில்தானே முடிகிறது. டைட்டரைப் பற்றி நான் மேலே எழுதியதைத் திரும்பப் பாருங்கள், அனுப்பினார்களாம், இறங்கினாராம் என்று கை தானாகவே எழுதியிருக்கிறது.

அந்த ஐந்து தேதிகளை நான் குறிக்கவில்லை என்றேன், பையன் குறித்திருந்தான். முதலாவது போன மாதம் வந்து போயிற்று. ரீல்ஸைத் தேடினால் காணோம். அன்றைக்கு எங்கள் தெருவில் காலை ஒன்பதிலிருந்து ஐந்துவரை கரண்ட் இல்லை. அதுகூட முந்தின நாள் பேப்பரில் 'நாளைய மின்தடை' பகுதியில் வந்திருந்தது.