பெயர்க் கட்டத்திலேயே திருப்பி அனுப்பாதீர்கள்

இணையதளம் செய்து தரச் சொல்லி வருகிறவர்கள் முகப்பைப் பற்றித்தான் நிறையப் பேசுவார்கள். என்ன நிறம், எந்தப் படம், லோகோ எவ்வளவு பெரிதாக என்று. நான் முதலில் கேட்பது, "உங்கள் படிவத்தைக் காட்டுங்கள்." தளத்துக்கு வருகிறவர் ஒரு வேலையை முடிக்க வருகிறார். பெரும்பாலும் அந்த வேலை தடைப்படுவது படிவத்தில்தான்.

பெயரையே எடுத்துக்கொள்வோம். முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டங்கள், இரண்டும் கட்டாயம். நம்மில் பலருக்கு இருப்பதோ ஒரு பெயரும் அப்பாவின் முதலெழுத்தும்தான். குடும்பப் பெயரில் 'செ' என்று போட்டால் எழுத்து போதாது என்கிறது. புள்ளி வைத்தால் செல்லாது என்கிறது. சரி என்று அப்பா பெயரை முழுதாக எழுதினால், ஆதாரில் உள்ளதோடு ஒத்துவரவில்லை என்று விண்ணப்பமே திரும்பி வருகிறது. 'முழுப் பெயர்' என்று ஒரே கட்டம் வைத்தால் தீர்ந்தது. பலவகைப் பெயர்களுக்கும் இடம் கொடுப்பது ஒற்றைக் கட்டம்தான் என்று பிரிட்டன் அரசின் வடிவமைப்பு வழிகாட்டியும் சொல்கிறது.

அடுத்தது பிழைச் செய்தி. பத்துப் பன்னிரண்டு கட்டங்களை நிரப்பி பொத்தானை அழுத்தினால் மேலே சிவப்பில் 'தவறான உள்ளீடு' என்று வருகிறது. எது தவறு என்று தெரியாது. எழுதியதெல்லாம் வேறு அழிந்திருக்கும். 'கைபேசி எண்ணில் 9 இலக்கங்கள்தான் உள்ளன, 10 வேண்டும்' என்று அந்தக் கட்டத்தின் அருகிலேயே சொன்னால் யாரும் திருத்திவிடுவார்கள். எண்ணுக்கு நடுவே இடைவெளி விட்டதற்கெல்லாம் பிழை காட்டவே கூடாது. அதை நீக்குவது நிரலில் ஒரு வரி வேலை.

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் கைபேசியில் படிவம் நிரப்புவதை அருகில் உட்கார்ந்து பார்த்தேன். கட்டத்துக்குள் வெளிர்சாம்பல் நிறத்தில் இருந்த குறிப்பைப் படிக்கக் கைபேசியைத் தள்ளிப் பிடித்தார். எழுதத் தொடங்கியதும் குறிப்பு மறைந்தது. என்ன கேட்டார்கள் என்று பார்க்க எழுதியதை அழித்தார். ஓடிபி பார்க்கக் குறுஞ்செய்திக்குப் போய்த் திரும்பினால் பக்கம் முதலிலிருந்து தொடங்கியது. "எனக்குத்தான் சரியா தெரியலை போல" என்றார். எனக்கு மனசே ஆறவில்லை. அவர் எல்லாவற்றையும் சரியாகத்தான் செய்தார்.

இவற்றுக்கெல்லாம் உலகளவில் அளவுகோல் இருக்கிறது. இணையதளங்களை எல்லோரும் பயன்படுத்தும்படி அமைப்பதற்கான டபிள்யூசிஏஜி (WCAG) நெறிமுறைப்படி சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 ஒளிர்வு வேறுபாடு வேண்டும். பக்கத்துக்குக் கொடுத்த நேரம் முடியப்போகிறது என்றால் முன்கூட்டியே எச்சரித்து, நீட்டித்துக்கொள்ளக் குறைந்தது 20 வினாடிகளாவது தர வேண்டும்.

இந்தியாவில் இது உரிமையும்கூட. வாடிக்கையாளர் யார் என்று உறுதிசெய்யும் வங்கிகளின் டிஜிட்டல் கேஒய்சியில் கண் சிமிட்டச் சொல்கிறார்கள். அமிலவீச்சில் கண் பாதிக்கப்பட்டவர் எப்படிச் சிமிட்டுவார்? அப்படிப் பாதிக்கப்பட்டவர்களும் பார்வையற்ற ஒருவரும் தொடுத்த வழக்குகளில், டிஜிட்டல் அணுகல் அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையைச் சேர்ந்தது என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

உங்களிடம் ஒரு தளம் இருந்தால், ஆண்ட்ராய்டு கைபேசியில், திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் டாக்பேக்கை இயக்கி, திரையைப் பார்க்காமல் உங்கள் படிவத்தை நிரப்பிப் பாருங்கள். கட்டத்தின் பெயரைச் சொல்லாமல் வெறும் 'எடிட் பாக்ஸ்' என்று மட்டும் வாசிக்கும் இடங்களைக் குறித்துக்கொண்டு, உங்கள் நிரலாளரிடம் கொடுங்கள்.