தோட்டாவின் அடியில் எழுதியிருப்பது பிறந்த ஊர் மட்டும்தான்

எங்காவது துப்பாக்கிச்சூடு நடந்து, தரையில் கிடக்கும் காலித் தோட்டாவின் படம் வெளியானால் போதும். அன்று மாலைக்குள் நான்கைந்து பேராவது அதை எனக்கு அனுப்பிவிடுவார்கள். "சார், அடியில 71னு போட்டிருக்கு. சீனா சரக்குதானே? அப்ப அவங்க ஆளுங்கதானே சுட்டது?" முதல் கேள்விக்குச் சில நேரம் ஆமாம் என்று சொல்ல முடியும். இரண்டாவது கேள்விக்கு அந்தப் பித்தளையிடம் பதிலே கிடையாது. தடய அறிவியலில் துப்பாக்கிப் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவன் என்ற முறையில், இந்த இரண்டு கேள்விக்கும் நடுவில் உள்ள தூரத்தைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று நினைக்கிறேன்.

சுட்டதும் பறந்து போவது முனையில் இருக்கும் குண்டு மட்டும். மருந்து அடைத்திருந்த கூடு துப்பாக்கியிலிருந்து வெளியே தெறித்து அங்கேயே விழும். அந்தக் கூட்டின் அடியைத் திருப்பிப் பாருங்கள். நடுவில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர், அதில் துப்பாக்கியின் ஊசியான ஃபயரிங் பின் குத்திய பள்ளம், சுற்றிலும் வட்டமாக எழுத்தும் எண்ணும் இருக்கும். ஆலையில் அடித்த முத்திரை அது.

எல்.சி. என்று இருந்து பக்கத்தில் இரண்டு இலக்க எண் இருந்தால், அமெரிக்காவில் மிசூரி மாநிலத்து லேக் சிட்டி ஆலை. எண் தயாரித்த ஆண்டு. வட்டத்துக்குள் கூட்டல் குறி போட்டிருந்தால் நேட்டோ தரத்துக்குச் செய்தது. ஓ.எஃப்.வி. நம் மகாராஷ்டிரத்து வரண்காவ் ஆலை. கே.எஃப். புனே பக்கத்துக் கிர்க்கி, இன்றைய கட்கி. சோவியத் ஆலைகள் பெயரே போடாது, வெறும் எண்தான்: 17 என்றால் பர்னவுல், 60 என்றால் ஃப்ரூன்ஸ், 270 என்றால் லுஹான்ஸ்க். ஃப்ரூன்ஸ் இன்று கிர்கிஸ்தானின் தலைநகரான பிஷ்கெக். லுஹான்ஸ்க் 1991இல் உக்ரைனோடு போனது. 270 என்று அடித்த பழைய கூட்டை வைத்துக்கொண்டு 'எந்த நாட்டுத் தோட்டா' என்று கேட்டால், அதைச் செய்த நாடே இன்று இல்லை.

பழகிய கண்ணையும் ஏமாற்றும் இடங்கள் உண்டு. 71 என்பது சீன ஆலை ஒன்றின் எண். 1971ஆம் ஆண்டாகவும் இருக்கலாம். 1952 முதல் 1956 வரை சோவியத் ஆலைகள் ஆண்டுக்குப் பதிலாக ஓர் எழுத்தை அடித்தன. 1956க்கு உரிய ரஷ்ய எழுத்து, பார்வைக்கு ஆங்கில 'கே' போலவே இருக்கும். அதே 'கே' பிரிட்டிஷ் தோட்டாவில் இருந்தால் கைனாக் கம்பெனி. அதனால் முத்திரையை மட்டும் பார்த்துச் சொல்லிவிட மாட்டோம். கூட்டின் நீளத்தை அளப்போம். காந்தத்தைக் கிட்டே கொண்டுபோவோம், ஒட்டினால் எஃகு. பிரைமரைச் சுற்றி அரக்குப் பூச்சு மிச்சம் இருக்கிறதா, என்ன நிறம் என்று பார்ப்போம்.

சரி, ஆலையும் ஆண்டும் உறுதியாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்புறம்?

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது 'கட்டின்' என்ற இடத்தின் கதை. ரஷ்யாவில் ஸ்மோலென்ஸ்க் நகரத்துக்குப் பக்கத்துக் காடு அது. 1943 ஏப்ரலில், அந்தப் பகுதியைப் பிடித்து வைத்திருந்த ஜெர்மானியர்கள் அங்கே புதைகுழிகளைத் தோண்டினார்கள். 4,000க்கும் மேற்பட்ட போலந்து அதிகாரிகளின் உடல்கள். பெரும்பாலும் பின்னந்தலையில் ஒரே குண்டு. சோவியத் ரகசியப் போலீஸ் செய்த படுகொலை என்று ஜெர்மனி உலகுக்கு அறிவித்தது. ஆனால் குழியில் கிடந்த தோட்டாக் கூடுகளின் அடியில் இருந்த முத்திரை 'கெகோ 7.65'. அது ஜெர்மனியில் துர்லாக் ஊரில் கென்ஷோ கம்பெனி செய்தது. இது வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்று ஹிட்லரின் பிரச்சார அமைச்சர் கோயபல்ஸே தன் நாட்குறிப்பில் கவலைப்பட்டிருக்கிறார். 1944 ஜனவரியில் சோவியத் அமைத்த குழு, கொன்றது ஜெர்மானியர்களே என்று அறிக்கை கொடுத்தது.

முத்திரையை மட்டும் நம்பினால் அந்த அறிக்கைதான் சரி. உண்மை வேறு. அந்தக் கம்பெனி போருக்குப் பல வருடம் முன்பே போலந்துக்கும் பால்டிக் நாடுகளுக்கும் சோவியத்துக்கும் தோட்டா ஏற்றுமதி செய்திருந்தது. செத்தவர்களின் சட்டைப் பைகளில் இருந்த கடிதங்களும் நாட்குறிப்புகளும் 1940 வசந்தத்தோடு நின்றுபோயிருந்தன. ஜெர்மன் படை அந்தப் பக்கம் வந்தது 1941இல். 1990 ஏப்ரலில்தான் சோவியத் அரசு பழியை ஒப்புக்கொண்டது. 1940 மார்ச் 5ஆம் தேதி ஸ்டாலின் கையெழுத்திட்ட உத்தரவு 1992இல் வெளியானது. கட்டினிலும் மற்ற இடங்களிலுமாகக் கொல்லப்பட்டவர்கள் ஏறத்தாழ 22,000 பேர். அவர்கள் குடும்பங்கள் அரை நூற்றாண்டு காத்திருந்தன. ஒரு கூட்டின் அடியைப் பார்த்துக் கொலைகாரன் யாரென்று சொல்லக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குடும்பங்கள்தான் நினைவுக்கு வருகின்றன.

ஆலை, ஆண்டு என்பதையும் தாண்டி, எந்தத் தொகுதியில் செய்தது என்று காட்டும் லாட் எண் இருந்தால் இன்னும் ஒரு படி போகலாம். 2018இல் பிரேசிலின் ரியோ டி ஜெனீரோவில் நகர மன்ற உறுப்பினர் மரியேல் ஃபிராங்கோ சுட்டுக்கொல்லப்பட்ட இடத்தில் கிடைத்த கூடுகளில் லாட் எண் இருந்தது. அதைத் தொடர்ந்து போனால், பிரேசில் மத்திய போலீசுக்கு 2006இல் விற்ற சரக்கு. யாருக்கு விற்றது என்பது தெரிந்தது. ஆனாலும் சுட்டவரைக் கண்டுபிடிக்க வேறு சாட்சியங்கள் தேவைப்பட்டன.

எந்தத் துப்பாக்கி என்று சொல்வது வேறு வேலை. ஃபயரிங் பின் பள்ளத்தின் வடிவம், வெடித்த வேகத்தில் கூட்டின் அடி பின்னால் மோதிப் பதிந்த மெல்லிய கீறல்கள், கூட்டை இழுத்து வெளியே எறிந்த கொக்கியின் தடம் ஆகியவற்றை, பிடிபட்ட துப்பாக்கியில் சோதனைக்குச் சுட்ட கூட்டோடு ஒப்பீட்டு நுண்ணோக்கியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். முடியை விட மெல்லிய கோடுகள் அவை.

அதனால்தான் கெஞ்சிக் கேட்கிறேன். வழியில் தோட்டாவைப் பார்த்தால் எடுக்காதீர்கள். குண்டு இன்னும் முனையில் இருந்தால் தொடவே வேண்டாம்; உரிமம் இல்லாமல் வீட்டில் வைத்திருப்பது சட்டப்படி குற்றமும்கூட. பக்கத்தில் ஒரு பொருளை அளவுக்கு வைத்துப் படம் எடுங்கள், இடத்தைக் குறித்துக்கொண்டு 112ஐக் கூப்பிடுங்கள்.

ஒரு முறை ஒரு பெரியவர் தன் வயலில் கிடைத்த கூட்டை நான்கு நாள் கழித்து, வெள்ளைத் துணியில் சுற்றி ஸ்டேஷனில் கொடுத்திருந்தார். களிம்பேறிக் கிடந்ததாம். அரசாங்கத்துக்குக் கொடுக்கும் பொருளாயிற்றே என்று வீட்டில் புளியும் செங்கல் பொடியும் போட்டு, குத்துவிளக்குத் தேய்ப்பதுபோலத் தேய்த்துக் கொடுத்திருக்கிறார்கள். நல்ல மனசுதான். நுண்ணோக்கிக்குக் கீழே வைத்தபோது முத்திரையின் எழுத்து ஒவ்வொன்றும் பளிச்சென்று தெரிந்தது. அதைச் சுற்றி, நான் தேடிய கீறல்கள் இருக்க வேண்டிய இடம் முழுக்கச் செங்கல் பொடி போட்ட கோடுகள்.