காரைச் சுமப்பது சுலபம், ஏற்றுவதுதான் பாடு

எண்ணூர் முகத்துவாரத்தில் நின்று பார்த்தால் எதிர்க்கரை கூப்பிடு தூரம்தான். காரோடு போவதென்றால் மட்டும் ஊரைச் சுற்ற வேண்டும். இந்த மாதிரி இடத்துக்குத்தான் கொச்சியில் ஜங்கார், அதாவது வண்டிகளை ஏற்றிச் செல்லும் தட்டையான படகு, விடுகிறார்கள். ஃபோர்ட் கொச்சியிலிருந்து வைப்பினுக்கு கார், பைக், ஆட்கள் எல்லாம் ஒரே தட்டில் சில நிமிடங்களில் அக்கரை சேர்ந்துவிடும். இத்தனை பாரத்தைத் தண்ணீர் எப்படித் தாங்குகிறது என்று பலரும் கேட்பார்கள். தாங்குவது பெரிய விஷயமே இல்லை.

15 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலத்தில் அடி தட்டையான ஒரு மிதவையை வைத்துக்கொள்வோம். பரப்பு 90 சதுர மீட்டர். அது 1 சென்டிமீட்டர் அமிழ்ந்தாலே 900 லிட்டர் தண்ணீரை விலக்கும். அந்தத் தண்ணீரின் எடை சுமார் 900 கிலோ. சின்ன கார் ஒன்றின் எடையும் ஏறக்குறைய அதுதான். விலக்கிய தண்ணீரின் எடை அளவுக்கு மிதவை பாரம் தாங்கும் என்பதால், ஒரு காருக்கு அது 1 சென்டிமீட்டர்தான் அமிழும்.

ஆனால் இந்தக் கணக்கு கார் நடுவில் நின்றால்தான். ஏறும்போது அது நுனியில் இருக்கிறது. அப்போது மிதவை அமிழ்வதோடு சாயவும் செய்யும். அந்த நுனி கிட்டத்தட்ட 4 சென்டிமீட்டர் இறங்க, மறுநுனி 2 சென்டிமீட்டர் எழும்பும். காருக்கு இது ஒன்றுமில்லை. மணலி பக்கம் வரிசைகட்டி நிற்கும் கன்டெய்னர் லாரி ஒன்றை 25 டன்னோடு ஏற்றினால்? நடுவில் 28 சென்டிமீட்டர், நுனியில் ஒரு மீட்டருக்கு மேல். அதற்குள் தட்டின் விளிம்பே முங்கிவிடும். விளிம்பு முங்கினால் சாய்வை எதிர்த்து நிற்கும் பரப்பு குறைந்து, சாய்வு மளமளவென்று கூடும்.

இன்னொரு தொல்லை பிரேக். ஏறிய கார் தட்டில் பிரேக் போட்டால் மிதவை கரையை விட்டு விலகப் பார்க்கும். இறங்கும் கார் ஆக்சிலேட்டரை மிதித்தாலும் அதே கதைதான். அதனால்தான் கரையில் அணைந்த பிறகும் எஞ்சினை ஓடவிட்டு, மிதவையைக் கரையோடு அழுத்திப் பிடிப்பார்கள். டீசல் வீணாகிறது என்று தோன்றும், வீணில்லை.

பக்கவாட்டில் இன்னும் கவனம் வேண்டும். கார் ஏறும்போது வந்த அதே 6 சென்டிமீட்டர் (4 இறக்கம், 2 ஏற்றம்) ஏற்றத்தாழ்வு 15 மீட்டருக்குப் பதில் 6 மீட்டர் அகலத்துக்குள் வந்தால், சாய்வு இரண்டரை மடங்கு. படிக்கட்டில் கூட்டம் தொங்கும் மாநகர பஸ் ஒருக்களித்து ஓடுவதைத் தண்டையார்பேட்டைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பதினைந்து பேர் சேர்ந்தால் ஒரு காரின் எடை. காருக்கு ஹேண்ட்பிரேக் உண்டு. செல்ஃபி எடுக்க ஒரே பக்கம் ஓடுபவர்களுக்கு அது கிடையாது. ஆகவே கனமான வண்டி நடுவில், அப்புறம் இடம் ஒன்று, வலம் ஒன்று. இறக்கும்போதும் ஒரு பக்கத்தை மொத்தமாகக் காலி செய்யக் கூடாது.